மவுண்டிங் மாற்று விழா

என் காரில் உள்ளங்கை அளவு ரப்பர் துண்டுகள் நான்கை மாற்றியபோது, அதைப் பார்க்க ஆறாயிரம் பேர் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். கொம்பாங் மேளம் அடித்தார்கள். சிங்க நடனம் ஆடினார்கள். இருபத்தாறு கிடா வெட்டினார்கள். அவ்வளவு நேரமும் என் காரின் இன்ஜின் அந்தரத்தில் தொங்கியபடி தேசிய கீதம் கேட்டது.

சரி, ஆறாயிரம் இல்லை. முந்நூற்று எண்பது. கிடாவும் இல்லை, கோழி. மற்றதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன்.

முப்பத்து மூன்று வருடம் ஈப்போவில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் நான். அந்த உத்தியோகத்தில் ஓர் எண்ணைக்கூட ஏற்றிச் சொல்ல முடியாது. ஏற்றினால் வீட்டுக்காரர் நாயை அவிழ்த்து விடுவார். இறக்கினால் இலாகா என்னை அவிழ்த்து விடும். அப்படி ஏற்றிச் சொல்லாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் ஓய்வு பெற்றபின் ஆசை தீரச் செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ச்சாங் கோக் லியோங் எனக்கு நேர் எதிர். காப்புறுதிக் கம்பெனியில் முப்பத்தாறு வருடம், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களை நம்பாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர். வெள்ளத்தில் மூழ்கிய வீட்டின் கூரைமேல் நின்றுகொண்டு, “தண்ணி வந்துச்சுங்கிறதுக்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டவர் என்று ஊரில் சொல்வார்கள். சொன்னது நான்தான்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தாலிக்காரன் செய்தது, மஞ்சள் நிறம், இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். இன்ஜின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து உறுமும். ஒரு பல் வைத்தியர் இடுப்புவலி வந்து விற்றதை வாங்கினேன். என் மனைவி தவமணி திட்டுவாள் என்று பயந்து, வாசலில் நிறுத்தியபின்னும் இன்ஜினை அணைக்கவில்லை. ஓடுவதற்குத் தோதாக இருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டே சீட்டா?”

“ரெண்டே சீட்டுதான்.”

“பின்னால, நடுவுல, எங்கயாச்சும் மூணாவது ஆளு ஏற முடியுமா?”

“பூனைகூட ஏறாது.”

“எங்க அக்கா?”

“அவங்க கைப்பையே ஏறாது.”

தவமணியின் முகம் மலர்ந்ததைப் பார்த்து இன்ஜினை அணைத்தேன். விஷயம் இதுதான்: கல்யாணமாகி நாற்பது வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் எங்கேயும் போனதில்லை. தேனிலவுக்குக் கேமரன் மலைக்குப் போனபோதே கூட என் அம்மா, இரண்டு தம்பிகள், ஒரு பலாப்பழம். அதற்குப்பின் பிள்ளைகள், பேரன் பேத்திகள், சம்பந்திகள். வருகிற செப்டம்பர் பதினாறு நாற்பதாவது திருமண நாள்.

“அடிவாரத் தாப்பா வழியா கேமரன் மலைக்குப் போறோம், ரெண்டே பேரு,” என்றாள். “இதுவும் தவறிப்போச்சுன்னா அன்னிக்கே அக்கா ஒரு பஸ் ஏற்பாடு பண்றா. நாற்பத்து நாலு பேரு. நான் அதுல ஏறிடுவேன். நீங்களும் வரலாம், ஸ்பீக்கர் பக்கத்துல ஒரு சீட்டு காலியா இருக்கு.”

ஏப்ரலில் அந்தக் கடிதம் வந்தது. தங்க எழுத்து, தடித்த காகிதம். எடுத்த எடுப்பில் கல்யாணப் பத்திரிகை என்றே நினைத்தேன். காரை விற்கும் ஏக விநியோகஸ்தரான லாஜு கென்சானா மோட்டார் நிறுவனம் எழுதியிருந்தது. என் காரின் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங் நான்கும் தயாரிப்பிலேயே பழுதானவையாம். அவற்றை இலவசமாக மாற்றித் தருவார்களாம். அதுவரை நான் மலை ஏறக்கூடாதாம், ஏனென்றால் ‘ஏற்றத்தில் இன்ஜின் தன் இருப்பிடம் குறித்து வேறு முடிவு எடுக்கக்கூடும்’.

எனக்குச் சந்தேகம் ஏற்கெனவே இருந்தது. சிவப்பு விளக்கில் நின்றால் வண்டி ஆடும் ஆட்டத்தில் என் மேல்வரிசைப் பல்செட் இரண்டு முறை மடியில் விழுந்திருக்கிறது.

சர்வீஸ் நிலையத்துக்குப் போனேன். பளிங்குத் தரை, ஆர்க்கிட் பூ, வாசலில் வணக்கம் சொல்வதற்கென்றே ஒரு பெண். நம்பர் சீட்டு எடுத்தேன், ஒன்று. நாற்பது நாற்காலியில் நான் ஒருவன்தான். முக்கால் மணி நேரம் கழித்து ஒலிபெருக்கி “ஒன்றாம் எண்” என்று அழைத்தது. எழுந்து போனால், அழைத்த மூன்று பேரும் வரிசையாக நின்று கும்பிட்டார்கள்.

மெக்கானிக் அஸ்ரோல் வண்டியை மேலே தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். நாற்பது வயது, கையில் கிரீஸ், அந்தக் கட்டடத்தில் கை அழுக்கான ஒரே ஆள்.

“நாலும் கிழிஞ்சுபோச்சு, அங்கிள். சாமான் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. ரெண்டு மணி நேர வேலை.”

“அப்ப இப்பவே பண்ணிடேன்.”

அஸ்ரோல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “இன்னும் திறப்பு விழா நடக்கல, அங்கிள்.”

“எதுக்கு?”

“மவுண்டிங்குக்கு.”

விழாப் பொறுப்பாளர் பூவான் நொர்லைலாவிடம் அழைத்துப் போனார்கள். மலாயில் பூவான் என்றால் திருமதி. கண்ணியமான பெண்மணி. அந்த நிறுவனத்தில் மெக்கானிக் மூன்று பேர், விழாப் பிரிவில் பதினேழு பேர் என்பதைப் பெருமையோடு சொன்னார்.

“நம்ம நிறுவனத்துல எந்தப் புது வேலையும் திறந்து வைக்காம தொடங்கக் கூடாது, அங்கிள். போன மாசம் ஆம்பளைங்க கழிவறையில புதுக் குழாய் போட்டோம். தலைமை இயக்குநர் டத்தோ ஷம்சூரி வந்து திறந்து வெச்சார். அதுக்கு முன்னாடி ஒன்பது வாரம் யாரும் உள்ள போகல.”

“ஒன்பது வாரமா?”

“கட்டுப்பாடு, அங்கிள்.”

“பூவான், என் ஒரு கார்தானே? ஒரு வண்டிக்கு எதுக்கு விழா?”

அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “அதான் அங்கிள் பெருமை. இந்த வருஷத்து மாடல் நாட்டுலயே உங்களோடது ஒண்ணுதான். நீங்க மட்டும்தான் எங்களுக்குக் கிடைச்ச பயனாளி.”

மே மாதம் குழு அமைத்தார்கள். ஜூனில் அந்தக் குழுவைத் திறந்து வைத்தார்கள். ஜூலையில் என்னை ஒத்திகைக்கு அழைத்தார்கள். மேடையில் இடது பக்கமாக ஏறி, மூன்றடி நடந்து, ஆறடி உயரத் தெர்மாக்கோல் மவுண்டிங் ஒன்றை டத்தோவிடமிருந்து இரு கையால் வாங்கி, மார்போடு அணைத்து, கேமராவைப் பார்த்து நன்றியோடு சிரிக்க வேண்டும். நான் சிரித்தேன். விழாப் பிரிவின் சிரிப்புப் பொறுப்பாளர் தலையசைத்தார். “நன்றி கொஞ்சம் கம்மியா இருக்கு, அங்கிள். வண்டி கவிழ்ந்து நீங்க மட்டும் தப்பிச்ச மாதிரி சிரிங்க.”

ஆகஸ்டில் இன்னொரு முன்னேற்றம். டத்தோ தம் கையால் முதல் போல்ட்டை முடுக்க வேண்டும். அதற்கு இடம் காலியாக இருக்க வேண்டும். எனவே பழைய மவுண்டிங் நான்கையும் கழற்றிவிட்டு, இன்ஜினைச் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். ஆகஸ்ட் ஐந்தில் நடக்க வேண்டிய விழா டத்தோவின் கோல்ஃப் ஆட்டத்தால் பத்தொன்பதுக்குப் போனது. பத்தொன்பது, மழையால் செப்டம்பர் முதலுக்குப் போனது. முதல் தேதி, ஆப்பிள் பச்சைத் துணி கடைகளில் தீர்ந்துவிட்டதால் பதினைந்துக்குப் போனது. விருந்தினர் எல்லாரும் அந்த நிறத்தில்தான் வர வேண்டும் என்பது அந்தக் குழுவின் முடிவு.

பதினைந்து. மறுநாள் எங்கள் திருமண நாள். அன்றிலிருந்து சர்வீஸ் நிலையத்துக்கு மூன்று நாள் விடுமுறை.

வீட்டில் தவமணி அக்கா கனகவல்லியோடு தொலைபேசியில் பேசும்போது, “ஜன்னல் ஓரமா எனக்கு ஒண்ணு போட்டு வை” என்று எனக்குக் கேட்கும்படிச் சொன்னாள்.

இதையெல்லாம் அவ்வப்போது கொப்பிக் கடையில் ச்சாங்கிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அவர் ரொட்டியைக் கொப்பியில் தோய்த்தபடியே கேட்பார்.

“வேதா, நீ வண்டிய எங்கயோ மோதிட்ட. வீட்டுக்காரம்மாவுக்குப் பயந்து கதை கட்டுற.”

“சத்தியமா ச்சாங், இன்ஜின் சங்கிலியில தொங்குது.”

“நாலு ரப்பருக்கு அஞ்சு மாசம்? ரப்பர் மரம் நட்டு பால் எடுத்திருந்தாலும்...” என்று கணக்குப் போட்டுப் பார்த்து, “இல்ல, அதுக்கு அஞ்சு வருஷம் ஆகும். இருந்தாலும் நான் நம்பல” என்றார்.

“அப்ப பதினஞ்சாம் தேதி வா. நேர்ல பாரு.”

“சோறு உண்டா?”

“நெய்ச்சோறு, கோழி ரெண்டாங் கறி.”

“அதையும் நம்பல. ஆனா வரேன்.”

வந்தார். காப்புறுதிக் கம்பெனி பிரிவு உபசாரத்தில் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அது தற்செயலாக ஆப்பிள் பச்சை. முன்வரிசையில் வர வேண்டிய, டான் ஸ்ரீ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வரவில்லை. முன்வரிசை நாற்காலி காலியாக இருப்பதைவிட இந்த நாட்டில் பெரிய அவமானம் கிடையாது. நரைத்த தலை, பச்சைக் கோட்டு. இரண்டு பெண்கள் ச்சாங்கை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கொண்டுபோய் வெல்வெட் நாற்காலியில் அமர்த்திவிட்டார்கள்.

சர்வீஸ் நிலையத்து மண்டபத்தில் போட்ட மேடையின் நடுவில் என் மஞ்சள் கார், பின்பக்கம் திறந்து, இன்ஜின் சங்கிலியில். சங்கிலிக்குப் பூ சுற்றியிருந்தார்கள். மேளம், சிங்கம், தேசிய கீதம், துஆ பிரார்த்தனை. பிறகு அறிவிப்பாளர் வந்திருந்த பெருமக்களைப் பட்டம் குறையாமல் விளித்தார். அது முடிய இருபத்திரண்டு நிமிடம். அதற்குப்பின் பேச வந்த ஐந்து பேரும் அதே பெயர்களை அதே வரிசையில் விளித்தார்கள். நான்காவது ஆள் ‘டத்தின்’ பட்டத்து அம்மையார் ஒருவரின் பெயரை விட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து தொடங்கினார்.

கடைசியாக டத்தோ ஷம்சூரி.

“போன வருஷம் நமக்கு பழுதுன்னு வண்டியத் திரும்பப் பெறுற வாய்ப்பு ஒண்ணுகூட கிடைக்கல,” என்று தொடங்கினார். “பக்கத்துக் கம்பெனிக்கு மூணு கிடைச்சுது. எனக்குத் தூக்கம் வரல. நம்ம வண்டிக்கு மட்டும் என்ன குறைச்சல்னு கேட்டேன். இன்னிக்கு இறைவன் அருளால நமக்கும் ஒரு கோளாறு வந்திருக்கு!”

கைதட்டல்.

“கோளாறு எல்லாருக்கும் வரும். அதைக் கொண்டாடுற மனசு எல்லாருக்கும் வராது. வாடிக்கையாளரோட பாதுகாப்புதான் நமக்கு உயிர். அதனாலதான் இந்த அங்கிளை அஞ்சு மாசம் அவர் வண்டிய தொடவே விடல. இவ்வளவு பாதுகாப்பை எந்தக் கம்பெனி கொடுக்கும்? அடுத்த வருஷம் நம்ம இலக்கு ஆறு கோளாறு. பிரேக்ல ஒண்ணு வந்தா இன்னும் பெரிய மண்டபமா எடுக்கலாம்!”

முந்நூற்று எண்பது பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். டத்தோ ஒரு கண்ணாடி உருண்டையைத் தொட்டார். புகை வந்தது. மேலேயிருந்து தெர்மாக்கோல் மவுண்டிங் மின்விளக்கு மினுங்க இறங்கியது. டத்தோ தங்க நிற ஸ்பேனரால் அந்தத் தெர்மாக்கோலில் ஒரு போல்ட்டைத் திருகினார். தெர்மாக்கோல் ஆதலால் சுலபமாக இறங்கியது. நான் இடது பக்கமாக ஏறி, மூன்றடி நடந்து, மார்போடு அணைத்து, வண்டி கவிழ்ந்து தப்பித்தவனாகச் சிரித்தேன்.

அடுத்து நான்கு பெண்கள் வெல்வெட் தட்டுகளோடு வந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கண்ணாடிப் பெட்டி. நான்கு பெரிய மனிதர்கள் மேடைக்கு அழைக்கப்பட்டு ஆளுக்கொரு பெட்டி வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான்காவது ஆளாக, வராத டான் ஸ்ரீயின் பெயருக்கு எழுந்து போனவர் ச்சாங்.

விழா முடிந்தபோது மணி மூன்றரை. அஸ்ரோல் ஸ்பேனரோடு காத்திருந்தான். ஆறு மணிக்குக் கதவடைப்பு.

“சாமானைக் கொடுங்க, பூவான்,” என்றேன்.

“சாமானா? நினைவுப் பரிசா கொடுத்தாச்சே,” என்றார் நொர்லைலா.

“நாலு மவுண்டிங்கையுமா?”

“வெல்வெட் தட்டுல இருந்தா அது நினைவுப் பரிசு, அங்கிள். உதிரிப் பாகம்னா அட்டைப்பெட்டியில இருக்கும். இது எங்க விதிப்புத்தகத்துல மூணாவது பக்கம்.”

“அதுங்க அசல் சாமான்!”

“போலியான பொருளைப் பெரியவங்க கையில கொடுக்க முடியுமா? மரியாதையா இருக்குமா?”

இத்தாலியிலிருந்து வேறு வர நான்கு மாதம் ஆகும் என்றான் அஸ்ரோல். போர்ட்டிகோவில் பெரிய மனிதர்களின் கார்கள் உறுமத் தொடங்கியிருந்தன. நான் என் இன்ஜினைப் பார்த்தேன். பூச்சுற்றிய சங்கிலியில் அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாம் வரிசையில் தவமணி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பியபோது அவள் அங்கே இல்லை. மேடையில் அறிவிப்பாளரின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டிருந்தாள்.

“பெருமக்கள் தயவுசெஞ்சு கிளம்ப வேண்டாம்,” என்றாள். மீட்டர் பார்ப்பவனின் மனைவி. அதற்குமுன் அவள் ஒலிவாங்கியைத் தொட்டதே இல்லை. “விழாவோட இரண்டாம் பகுதி இனிமேதான். நினைவுப் பரிசைப் பயனாளிகிட்ட திருப்பி ஒப்படைக்கும் விழா. தனித்தனியா படம் எடுப்பாங்க. குழுப் படமும் உண்டு.”

போர்ட்டிகோவில் இன்ஜின்கள் அணைந்தன. அதுவரை அப்படியொரு விழா உலகத்தில் நடந்ததில்லை. அதனாலேயே யாருக்கும் விட்டுப்போக மனம் வரவில்லை. டத்தோவே ஓடி வந்து நடுவில் நின்றுகொண்டார். நொர்லைலா ஆனந்தத்தில் தவமணியின் கையைப் பிடித்து, “எங்க பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு, ஆன்ட்டி” என்றார். ஆனால் கையோடு நான்கு படிவங்களையும் கொண்டுவந்துவிட்டார். திருப்பித் தருகிறவர் கையெழுத்தில்லாமல் எந்தப் பொருளையும் பட்டறைக்குள் விட மாட்டார்களாம்.

மூன்று பெரிய மனிதர்கள் படிவத்தைப் பார்க்காமலே கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்று மவுண்டிங் அஸ்ரோலின் கைக்குப் போயின.

நான்காவது ச்சாங். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். அந்த நிறுவனத்தின் வரலாற்றில் ஒரு படிவத்தைப் படித்த முதல் மனிதர் அவர்தான். நான்கு பக்கத்தையும் படித்தார். நொர்லைலா பயந்துபோய் ஒரு நாற்காலி போட்டார்.

“‘மவுண்டிங் மாற்றுவதற்காக இந்த விழா உண்மையாகவே நடந்தது என்று உறுதி கூறுகிறேன்’னு இருக்கு,” என்றார் ச்சாங்.

“ஆமா. கையெழுத்துப் போடு,” என்றேன்.

“போட முடியாது.”

“ஏன்யா? இப்பதானே பார்த்த? கோழி ரெண்டு தட்டு சாப்பிட்ட!”

“பார்த்தேன். கண்ணு நம்பர் ஒன் பொய்ச்சாட்சி. முப்பத்தாறு வருஷத்துல ‘நடந்தது’ங்கிற வார்த்தைக்குக் கீழ நான் ஒரு தடவைகூட கையெழுத்துப் போட்டதில்ல, வேதா. ஒரு தடவை வீடே எரிஞ்சு என் புருவம் கருகிப் போச்சு. அதுக்கே ‘நிரூபிக்கப்படவில்லை’ன்னுதான் எழுதினேன். நாலு ரப்பருக்கு முந்நூத்தம்பது பேரு, சிங்கம், புகை... இதுக்குப் போட்டா என் மரியாதை என்ன ஆகுறது? நாளைக்கு நீ என்ன சொன்னாலும் நான் நம்பணும்ல?”

“முந்நூத்தி எண்பது,” என்றேன்.

“பாரு, இப்பவே ஏத்துறான்.”

மணி நாலாக ஐந்து நிமிடம். அஸ்ரோல் காரடியில் படுத்தபடியே தலையை நீட்டினான். “அங்கிள், மூணு மாட்டிடுவேன். நாலாவது இல்லாம மலையில ஏத்துனா இன்ஜின் மட்டும் தாப்பாவுலயே நின்னுக்கும்.”

ச்சாங் கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். டத்தோ, புகைப்படக்காரர், கொம்பாங் குழு, சிங்கத்துக்குள் இருந்த இரண்டு பேர், எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

தவமணி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். ச்சாங்கின் முன்னால் நின்றாள்.

“ச்சாங் அண்ணே. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு எங்க அக்கா பஸ் வரும். நாற்பத்து நாலு பேரு. மேல போய்ச் சேர்ற வரைக்கும் பாட்டுக்குப் பாட்டு. நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த பஸ்லதான் போய்க்கிட்டிருக்கேன். நாளைக்கு ஒரு நாள், மூணாவது ஆளு ஏற முடியாத வண்டில நான் இவரோட போகணும். இவரு சொல்றதை நீங்க நம்ப வேணாம். நானும்தான் நம்புறதில்ல. நான் கேக்குறேன், சொல்லுங்க. இது நடந்துச்சா, இல்லையா?”

ச்சாங் படிவத்தைப் பார்த்தார். பூச்சுற்றிய இன்ஜினைப் பார்த்தார். ஆறடி மவுண்டிங்கை இன்னமும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். பதவி என்ற கட்டத்தில் ‘காலி நாற்காலி’ என்று எழுதினார். கீழே கையெழுத்திட்டார்.

“வாய்விட்டும் சொல்லணும், சார்,” என்று நொர்லைலா ஒலிவாங்கியை நீட்டினார். “நாலாவது பக்கத்துல இருக்கு.”

“படிச்சேன்,” என்றார் ச்சாங். எழுந்து நின்றார். கோட்டைச் சரிசெய்துகொண்டார். பெட்டியைத் திறந்து, மவுண்டிங்கை எடுத்துத் தவமணியின் கையில் வைத்தார்.

“நடந்துச்சு,” என்றார். மண்டபம் முழுக்கக் கேட்டது. “என் கண்ணு முன்னாலதான் நடந்துச்சு. இந்த வேதா ஒண்ணுமே ஏத்திச் சொல்லல. சனியன், குறைச்சுத்தான் சொல்லியிருக்கான் லா.”